கோலப்புள்ளி வழியே பெருக்கல்: ஆண்டு 2 வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை பகுதியில், தொழிற்பேட்டைக்கு அருகே உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அந்த வகுப்பில் பெருக்கலை அறிமுகம் செய்தபோது பிள்ளைகள் செய்தவற்றையும் சொன்னவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். வாய்பாட்டை மனனம் செய்விப்பதற்கு முன்பும், பெருக்கல் குறியைப் பலகையில் எழுதுவதற்கு முன்பும், சமமான கூட்டங்களை எண்ணும் பயிற்சியிலேயே நீண்ட நேரம் நின்றோம். ஏழு, எட்டு வயதில் பெருக்கலில் உண்மையாகவே கடினமானது எது என்பதுதான் என் கேள்வி. விடை காண்பது அவ்வளவு கடினமல்ல. பல பொருள்கள் அடங்கிய ஒரு கூட்டத்தை 'ஒன்று' என்று எண்ணப் பழகுவதுதான் கடினம். அதைப் பழகாத பிள்ளைக்கு வாய்பாடு எவ்வளவு தெரிந்திருந்தாலும் பயன்படுத்தத் தெரியாது. இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் காட்டவே இந்த ஆய்வு. பிள்ளைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

2011இல் தொடங்கி 2017இல் சீரமைக்கப்பட்ட, மலேசியத் தொடக்கப்பள்ளிகளுக்கான கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் பெருக்கல் ஆண்டு 2இல் வருகிறது. 2 + 2 + 2 என்று தொடர்ந்து கூட்டும் பயிற்சி ஆண்டு 1இலேயே கிடைத்துவிடுகிறது. 2019 முதல் ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வுகள் இல்லை; வகுப்பறை மதிப்பீடு மட்டும்தான். ஒரு தலைப்பில் நிதானமாக நின்று பிள்ளைகளைக் கவனிக்க ஆசிரியருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு இது. அதை நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

பெற்றோரின் எதிர்பார்ப்பு வேறு. பெருக்கல் என்றால் அவர்களுக்கு வாய்பாடுதான். பிள்ளைகளில் பலர் மாலையில் டியூஷனுக்குப் போகிறார்கள். பள்ளியில் பாடம் தொடங்குவதற்கு முன்பே ஐந்தாம் வாய்பாடு வரை ஒப்பிக்கிறவர்கள் உண்டு. சிலர் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள், சிலர் மலாயில் 'சிபிர்' என்று சொல்கிறார்கள். தோட்டப்புறப் பள்ளியில் படித்த தாத்தாக்கள் வீட்டில் 'ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு' என்று இன்றும் தடையில்லாமல் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மனனத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியை மனனம் செய்தவர்கள் பின்னங்களைக்கூட வாய்ப்பாடமாகப் பெருக்கினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் நெல்லையும் எண்ணெயையும் படியால் அளக்கும் சந்தையைத் தினமும் பார்த்தவர்கள். 'மூன்று படி' என்றால் கண்முன் என்ன இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று அந்தக் காட்சியை வகுப்பறைதான் உண்டாக்கித் தர வேண்டும்.

தொடக்கத்தில் கண்டது

பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அழைத்துச் சில வேலைகளைக் கொடுத்தேன். வாய்பாடு தெரிந்தவர்களிடம் மட்டும், 3 × 4 என்பதைப் படமாக வரையச் சொன்னேன்.

முன்வரிசையில் அமரும் ஒரு சிறுவன் எதையும் முதலில் முடிப்பவன். மூன்று பந்துகளை வரைந்தான். பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறியைப் போட்டான். அதன் பக்கத்தில் நான்கு பந்துகளை வரைந்தான். சமக் குறியிட்டு 12 என்று எழுதித் தாளை நீட்டினான்.

"தம்பி, இந்தப் படத்தில் மொத்தம் எத்தனை பந்து இருக்கிறது?"

விரலால் தொட்டு எண்ணினான். "ஏழு, டீச்சர்."

"அப்படியானால் 12 எங்கிருந்து வந்தது?"

"மூன்று நான்கு பன்னிரண்டு, டீச்சர். வாய்பாடு."

ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் உள்ள முரண்பாடு அவனைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யவில்லை. படம் ஒரு வேலை, விடை இன்னொரு வேலை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தான். வாய்பாடு தெரிந்த மற்றவர்களிலும் பலர் ஏறக்குறைய இதே படத்தைத்தான் வரைந்தார்கள்.

இந்தத் தாளை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் சிறுவனின் படத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுவரை அவன் அறிந்த கணக்கில் எண் என்றால் பொருள். 3 + 4 என்றால் மூன்று பந்து, நான்கு பந்து. இரண்டு எண்களையும் வரைந்து காட்டலாம். 3 × 4இல் நான்கு மட்டுமே பந்துகளைக் குறிக்கிறது. மூன்று எந்தப் பந்தையும் குறிக்கவில்லை. பந்துகள் அடங்கிய கூட்டங்களைக் குறிக்கிறது. எண் என்பதன் பொருளே இங்கே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் சொல்லாமல் வாய்பாட்டுக்குப் போனால், பிள்ளை பழைய பொருளை வைத்துக்கொண்டே புதிய விடைகளை மனனம் செய்யும்.

டியூஷனுக்குப் போகாத பிள்ளைகள் வேறு வகையில் தடுமாறினார்கள். மூன்று தட்டுகளில் நான்கு நான்காகப் போத்தல் மூடிகளை வைத்தபோது, ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை எண்ணிச் சரியான விடையைச் சொன்னார்கள். தட்டுகள் அவர்கள் கண்ணில் படவே இல்லை; மூடிகள் மட்டுமே பட்டன. மூன்றாவது தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்துவிட்டு, "இப்போதும் மூன்று தட்டு, தட்டுக்கு நான்கு என்று சொல்லலாமா?" என்று கேட்டேன். சொல்லலாம் என்றார்கள் பலர். சன்னலோரத்தில் அமரும் ஒரு சிறுமி மட்டும் தயங்கி, "அந்த ஒன்றைத் திரும்பப் போட்டால் சொல்லலாம், டீச்சர்" என்றாள். அதிகம் பேசாத பிள்ளை. அவளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

விரல் எண்ணுவது ஒன்று, வாய் எண்ணுவது ஒன்று

எங்கள் பள்ளி நூலகத்தில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வாசலில் கறுப்புக் காலணிகள் ஜோடி ஜோடியாக வரிசையில் இருந்தன. எத்தனை காலணிகள் என்று கேட்டேன். பெரும்பாலோர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள். அந்தச் சன்னலோரச் சிறுமி, "இரண்டு, நான்கு, ஆறு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரலை மடக்கினாள். ஐந்து விரல்களும் மடங்கியபோது வாய் 'பத்து' என்றது.

அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி மறுபடியும் செய்யச் சொன்னேன். "விரல் எதை எண்ணுகிறது?" என்று மற்றவர்களைக் கேட்டேன். அமைதி. பின்வரிசையிலிருந்து, "ஜோடியை" என்று ஒரு குரல். "வாய் எதை எண்ணுகிறது?" "சப்பாத்தை!" என்று வகுப்பே சொன்னது.

ஒரே நேரத்தில் இரண்டு எண்ணிக்கைகளைப் பிடித்துக்கொள்வதுதான் பெருக்கலின் அடித்தளம். மடங்கும் விரல் கூட்டங்களின் கணக்கை வைத்துக்கொள்கிறது. வாய் பொருள்களின் கணக்கைச் சொல்கிறது. விரல்விட்டு எண்ணுவதைக் கண்டால் பல ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறோம். இந்த இடத்தில் அது மிகப் பெரிய தவறு. சமமான கூட்டங்களை எண்ணும் பிள்ளையின் மடங்கிய விரல்களைப் பார்த்தால் அதன் சிந்தனை வெளியே தெரியும். அதைத் தடுத்தால் நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் கைவிட்டுப்போகும். அதன்பின் இரண்டு, ஐந்து, பத்து ஆகிய கூட்டங்களை வகுப்பு முழுவதும் இந்த முறையில்தான் எண்ணியது. ஆறேழு கூட்டங்களுக்கு மேல் போகும்போது சிலருக்கு விரலும் வாயும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின; வாய் ஒரு எண்ணைச் சொல்லும், விரல் மடங்க மறந்துவிடும். அவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் விரல், ஒருவர் வாய் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தோம்.

கோலப்புள்ளிகள்

தட்டுகளும் ஜோடிகளும் சமமான கூட்டங்களைக் காட்டும். ஆனால் 4 × 5க்கும் 5 × 4க்கும் ஒரே விடை ஏன் வருகிறது என்பதை அவற்றால் காட்ட முடியாது. அதற்கு வரிசைகளும் நிரல்களும் ஒரே பார்வையில் தெரியும் அமைப்பு வேண்டும். பாடநூல்களில் முட்டைத் தட்டுப் படங்கள் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் முப்பது முட்டைத் தட்டு ஐந்துக்கு ஆறு. நான் கோலத்தை எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்குப் பள்ளி மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சன்னலோரச் சிறுமியின் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்.

வகுப்புக்கு வெளியே சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் நேர்ப்புள்ளி வைத்தோம்: ஐந்து புள்ளி, நான்கு வரிசை. பாதிப் பிள்ளைகளை வகுப்புச் சுவரோரமாகவும், மீதிப் பேரைப் படிக்கட்டுப் பக்கமாகவும் அமர்த்தினேன். ஒவ்வொருவரும் தமக்கு நேர் எதிரே தெரியும் வரிசைகளைச் சொல்ல வேண்டும்.

"நான்கு வரிசை, டீச்சர். ஒவ்வொன்றிலும் ஐந்து."

"இல்லை, ஐந்து வரிசை! ஒவ்வொன்றிலும் நான்கு."

சண்டை சூடு பிடித்தது. சுவரோரத்துப் பிள்ளைகள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். "யார் பக்கம் புள்ளி அதிகம்?" என்று கேட்டேன். ஐந்து வரிசை உள்ள பக்கம்தான் அதிகம் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். முன்வரிசைச் சிறுவன், அந்த ஏழு பந்துப் படத்தை வரைந்தவன், குனிந்து புள்ளிகளைப் பார்த்தான். பிறகு, "யாரும் புள்ளியை அழிக்கவில்லையே, டீச்சர். அது எப்படி அதிகமாகும்?" என்றான்.

எண்களை இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாது என்ற பரிமாற்றுப் பண்பைப் பெரிய வகுப்புகளில் ஒரு விதியாக எழுதிக்கொடுக்கிறோம். இங்கே ஓர் ஏழு வயதுச் சிறுவன் அதற்குக் காரணம் சொன்னான். வாய்பாடு தெரிந்தும் கூட்டம் தெரியாமல் இருந்த அவனிடமிருந்தே அது வந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்து ஊடுபுள்ளி. நடு வரிசையில் ஐந்து புள்ளி வைத்து, மேலும் கீழும் புள்ளிகளுக்கு இடையில் வைத்துக்கொண்டே போய் மூன்றில் நிறுத்தினோம்: 3, 4, 5, 4, 3. சன்னலோரச் சிறுமிதான் தரையில் வைத்தாள். சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துப் பிடிக்கும் விதத்திலேயே பாட்டியிடம் கற்ற கை என்று தெரிந்தது. ஐந்து வரிசை இருக்கிறது, நடுவில் ஐந்து புள்ளி இருக்கிறது, ஆகவே இருபத்தைந்து என்று பலர் உடனே சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது.

ஏன் என்று கேட்டபோது, வரிசைகள் 'ஒரே மாதிரி இல்லை' என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தைக் கொடுத்தது வீண்போகவில்லை. கூட்டலுக்கு வரிசைகள் சமமாக இருக்க வேண்டியதில்லை; பெருக்கலுக்கு இருந்தாக வேண்டும். பெருக்க முடியாத ஒன்றைக் காட்டாமல் எது பெருக்கல் என்பதைப் புரியவைக்க முடியாது; நம் பாடங்களில் இந்த எதிர் எடுத்துக்காட்டுகள் மிகவும் குறைவு. அன்று சில பிள்ளைகள் பத்தொன்பது மூடிகளை எடுத்துச் சமமான வரிசைகளாக அடுக்கப் பார்த்துத் தோற்றார்கள். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசை எதுவும் வரவில்லை. ஒரு மூடியைத் தூக்கிப் போட்டதும் மூன்று வரிசை, ஆறு ஆறாக அமைந்துவிட்டது. பகா எண் என்ற பெயர் அவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் கழித்து வரும். அதற்கான அனுபவம் இப்போதே வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. புள்ளிகளில் 4 × 5ம் 5 × 4ம் ஒன்றுதான். வாழ்க்கையில் எப்போதும் அப்படியில்லை. ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரையாக மூன்று வேளை விழுங்குவதும், ஒரு வேளைக்கு மூன்று மாத்திரையாக இரண்டு வேளை விழுங்குவதும் எண்ணிக்கையில் ஆறுதான். மருத்துவர் இரண்டையும் ஒன்றாகக் கருதமாட்டார். கதைக்கணக்கில் எது கூட்டங்களின் எண்ணிக்கை, எது கூட்டத்தின் அளவு என்று பிள்ளை சொல்ல வேண்டும். விடைக்கு வேண்டுமானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

குறியும் வாய்பாடும்

இத்தனைக்கும் பிறகுதான் பெருக்கல் குறியைப் பலகையில் எழுதினேன். 4 × 5 என்பதை 'நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து' என்று படிக்கப் பழக்கினேன். இந்தக் குறி 1631இல் இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் தம் நூலில் பயன்படுத்தியது. அதற்கு முன்பும் உலகம் பெருக்கிக்கொண்டுதான் இருந்தது; நம் எண்சுவடியில் இந்தக் குறிக்கு வேலையே இல்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, குறி என்பது நீளமாகச் சொல்வதைச் சுருக்கி எழுதும் வழி என்பது எளிதில் பிடிபட்டது.

வாய்பாட்டில் 2, 5, 10 முதலில் வந்தன. பெரிய பெருக்கலுக்குப் புள்ளிக்கட்டத்தின் மீது ஒரு குச்சியை வைத்துப் பிரித்தோம். ஏழு வரிசை, ஆறு ஆறாக இருந்தால், ஐந்தாவது வரிசைக்குக் கீழே குச்சி. மேலே முப்பது, கீழே பன்னிரண்டு, ஆக நாற்பத்திரண்டு. மறந்த விடையைத் தெரிந்த விடையிலிருந்து கட்டிக்கொள்ளும் இந்த வழி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இடையில் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராகப் பள்ளிக்கு வந்தவர்.

"டீச்சர், என் தங்கச்சி மகன் படிக்கிற பள்ளியில் ஆறாம் வாய்பாடு முடித்துவிட்டார்கள். இவனோ, இன்னும் புள்ளிதான் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்கிறான். பின்னால் கஷ்டப்படமாட்டானா?"

"உட்காருங்கள், அம்மா. உங்கள் கவலை நியாயமானது. வாய்பாட்டை அவன் கட்டாயம் மனனம் செய்வான்" என்று சொல்லி, பத்துக்குப் பத்துக் கட்டம் ஒன்றை அவர் முன் விரித்தேன். பத்தாம் வாய்பாடு வரை நூறு விடைகள். திருப்பிப் போட்டால் ஒன்றுதான் என்று தெரிந்த பிள்ளைக்கு அவை ஐம்பத்தைந்து. அவற்றிலும் 1, 2, 5, 10 ஆகிய எண்கள் வருபவை எளிதில் வந்துவிடும். அவற்றைக் கழித்தால் மனனத்துக்கு மிஞ்சுவது இருபத்தொன்று. அவர் விரலை வைத்து அந்தக் கட்டங்களைத் தாமே எண்ணிப் பார்த்தார். "எங்களுக்கு யாரும் இப்படிக் காட்டவில்லையே, டீச்சர்" என்றார். அந்தக் கட்டத்தின் படியொன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பெற்றோரிடம் 'புரிதல் முக்கியம்' என்று பொதுவாகப் பேசுவதைவிட, நூறு எப்படி இருபத்தொன்று ஆகிறது என்று ஒருமுறை காட்டுவது மேல்.

தொடர் கூட்டல் பற்றி

பெருக்கலைத் தொடர் கூட்டல் என்று கற்பிக்கக் கூடாது என்று கணித அறிஞர் கீத் டெவ்லின் 2008இல் எழுதியபோது ஆசிரியர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. அதற்கு முன்பே, 1985இல், எஃப்ரைம் ஃபிஷ்பைனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இத்தாலிய மாணவர்களிடம் இதன் நீண்டகால விளைவைக் கண்டார்கள்: தொடர் கூட்டலே பெருக்கல் என்ற எண்ணம் மனத்தின் அடியில் நின்றுவிடுவதால், ஒன்றைவிடச் சிறிய தசமத்தால் பெருக்க வேண்டிய கணக்குகளில் மேல்வகுப்பு மாணவர்களும் தடுமாறினார்கள். 8ஐ 0.5ஆல் பெருக்கினால் 4 வருகிறது. எட்டை 'அரைத் தடவை' கூட்டுவது எப்படி?

இந்த விவாதத்தில் என் நிலை இதுதான். தொடர் கூட்டலை ஆண்டு 2இலிருந்து நீக்க முடியாது, நீக்கவும் வேண்டாம். 4 × 5இன் விடையைக் காண அது நல்ல வழி. ஆனால் '4 × 5 என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் முதல் பதில் 5 + 5 + 5 + 5 ஆக இருக்கக் கூடாது. 'நான்கு கூட்டம், ஒவ்வொன்றிலும் ஐந்து' என்பதாக இருக்க வேண்டும். அந்தப் பதிலில் கூட்டங்களின் எண்ணிக்கையும் கூட்டத்தின் அளவும் தனித்தனியாக நிற்கின்றன. நாளைக்கு 'அரைக் கூட்டம்' என்று வந்தாலும் அந்தப் பிள்ளையால் அதைக் கற்பனை செய்ய முடியும்.

தீராதவை

விலைக் கணக்கில் வகுப்பு இன்னும் தடுமாறுகிறது. 'தோசை ஒன்று 2 ரிங்கிட். நான்கு தோசை எவ்வளவு?' என்று கேட்டால், புள்ளிகளில் தேர்ந்த பிள்ளைகளிலும் சிலர் 6 என்கிறார்கள். நான்கையும் இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே: இங்கே கூட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு ரிங்கிட் தோசைக்குள் இல்லை. தோசையோடு மனத்தில் இணைக்கப்பட வேண்டியது. உளவியல் ஆய்வாளர்களான டெரெசின்யா நூனெஸ், பீட்டர் பிரையன்ட் ஆகியோர் இந்த ஒன்றுக்குப் பல என்ற பொருத்தத்தைப் பெருக்கல் சிந்தனையின் வேராகக் கருதுகிறார்கள். வரைந்த ஒவ்வொரு தோசைக்கும் கீழே இரண்டு ஒரு ரிங்கிட் தாள்களை வரையச் சொன்னதும் பெரும்பாலோருக்கு விளங்கியது. படம் இல்லாமல் கேட்டால் பழைய விடை திரும்ப வருகிறது. இதற்கு இன்னும் காலம் வேண்டும்.

முன்வரிசைச் சிறுவன் இப்போது 3 × 4க்கு மூன்று வட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு பந்துகளைப் போடுகிறான். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் அவனை அவசரப்படுத்துவதில்லை.

வகுப்பில் சிலர் இன்னும் ஒவ்வொன்றாகவே எண்ணுகிறார்கள். அவர்களுடைய சிக்கல் பெருக்கலில் இல்லை. இருபதுக்குள் கூட்டுவதிலேயே உறுதி போதவில்லை. ஐந்துடன் ஐந்தைச் சேர்க்க விரலை நாடும் பிள்ளைக்குக் கூட்டங்களின் கணக்கை வைத்துக்கொள்ள விரல் மிஞ்சாது. அவர்களுக்கு ஐந்து புள்ளிகள் ஒட்டிய அட்டைப் பட்டைகளைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு பட்டை ஒரு கூட்டம். ஆண்டு 3இல் இவர்களைப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு எழுதியிருக்கும் குறிப்பில் அந்தப் பட்டைகளையும் இணைத்திருக்கிறேன். பிள்ளைகள் தாமாக ஒதுக்கி வைக்கும் வரை அவற்றை வாங்கிவிட வேண்டாம் என்றும், வகுத்தலைத் தொடங்கும்போது அதே பட்டைகளை எடுத்து 'இருபது புள்ளிக்கு எத்தனை பட்டை வேண்டும்?' என்று கேட்கலாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.